வெண்ணிலவும் கரும்புள்ளியும்: பொருளின் பொலிவைச் சூழல் தீர்மானிக்கும் முறை

ஆய்வுச்சுருக்கம்

ஒரு பொருள் எவ்வளவு பொலிவுடன் தோன்றுகிறது என்பது அதிலிருந்து கண்ணை அடையும் ஒளியின் அளவை மட்டும் பொறுத்ததன்று. அதனைச் சூழ்ந்துள்ள பரப்பின் ஒளியையும் பொறுத்தது. நிலவு வெண்மையாகத் தோன்றுவதையும் சூரியப் புள்ளிகள் கருமையாகத் தோன்றுவதையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது. கருமையெனக் காணப்படும் புள்ளி, வெண்மையெனக் காணப்படும் நிலவைவிடப் பரப்பளவில் பல்லாயிரம் மடங்கு ஒளி மிக்கது. இத்தோற்றத்தை அப்படியே ஏற்றதனால் வானியலில் நேர்ந்த பிழையும், அதனைத் தவிர்த்த கலிலியோவின் ஏரணமும், கண் ஒளியை அளவிடாது விகிதத்தையே உணர்கிறது என்பதற்கான ஆய்வகச் சான்றுகளும் இங்கு எடுத்துரைக்கப்படுகின்றன. கண் ஓர் அளவுகோலாகப் பிழைபட்டாலும் ஒப்பீட்டுக் கருவியாக நம்பத்தக்கது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பொலிவு, ஒளிர்மை, உடனிகழ் வேறுபாடு, சூரியப் புள்ளி, எதிரொளிதிறன், பக்கவாட்டு ஒடுக்கம்.

முன்னுரை

தமிழில் நிலவுக்கு வெண்மதி, வெண்ணிலவு என்ற பெயர்கள் வழங்குகின்றன. சூரியனின் முகத்தில் தோன்றி மறையும் திட்டுகளைப் பாடநூல்கள் கரும்புள்ளிகள் என்று குறிப்பிடுகின்றன. வெண்மை, கருமை ஆகிய இவ்விரு அடைகளும் அப்பொருள்களின் இயல்பைச் சொல்வனவாகவே கொள்ளப்படுகின்றன. ஆனால் இரண்டையும் அளந்து ஒப்பிட்டால் முற்றிலும் வேறான நிலை வெளிப்படுகிறது. நிலவின் தரை கருநிறம் வாய்ந்தது. சூரியப் புள்ளியோ கண்ணால் நேரே காண இயலாத அளவுக்கு ஒளி மிக்கது. அவ்வாறாயின் ஒன்று வெள்ளையாகவும் மற்றொன்று கறுப்பாகவும் தோன்றுவது ஏன் என்னும் வினா எழுகிறது. இவ்வினாவுக்கான விடை அப்பொருள்களில் இல்லை. அவற்றின் பின்புலத்திலும், அப்பின்புலத்தைக் கண் கையாளும் முறையிலும் உள்ளது.

ஒளிர்மையும் பொலிவும்

முதலில் இரு சொற்களை வேறுபடுத்திக் கொள்ளுதல் வேண்டும். ஒரு பரப்பின் குறிப்பிட்ட அளவுப் பகுதியிலிருந்து கண்ணை நோக்கி வரும் ஒளியின் அளவு இக்கட்டுரையில் ஒளிர்மை எனப்படுகிறது. இது கருவியால் அளக்கத்தக்கது, காண்பவரைச் சார்ந்ததன்று. அப்பரப்பு காண்பவருக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தோன்றுகிறது என்பது பொலிவு எனப்படுகிறது. இது புலன் உணர்வு. அன்றாட வழக்கில் இவ்விரண்டும் ஒன்றாகவே கருதப்படுகின்றன. ஒளிர்மை கூடினால் பொலிவும் கூடும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. சூழல் மாறாதிருக்கும்வரை இந்த எதிர்பார்ப்பு சரியே. சூழல் மாறும்போது இரண்டும் தனித்தனி வழியில் செல்கின்றன.

ஒரே சாம்பல் நிறத் தாளிலிருந்து இரு துண்டுகளை வெட்டி, ஒன்றை வெள்ளை அட்டையின் மீதும் மற்றொன்றைக் கறுப்பு அட்டையின் மீதும் வைத்தால், வெள்ளையின் மீதுள்ள துண்டு கருமை கூடியும் கறுப்பின் மீதுள்ள துண்டு வெளுத்தும் தோன்றும். இது உடனிகழ் வேறுபாடு எனப்படும். பாரிசு நகரின் கோபெலின் திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவின் இயக்குநராக இருந்த வேதியியலாளர் செவ்ரோல், இந்நிகழ்வைக் குறித்து 1839-இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். கறுப்பு நூலின் சாயம் திறமற்றது என்று எழுந்த குறைபாட்டை ஆராய்ந்த அவர், பிழை சாயத்தில் இல்லை, அந்நூலுக்கு அருகில் நெய்யப்பட்ட நிறங்களில் உள்ளது என்று கண்டார். அட்டையிலும் நெசவிலும் காணப்படும் இந்நிகழ்வே வானத்தில் மிகப் பெரிய அளவில் நிகழ்கிறது.

கருமையென்னும் பேரொளி

சூரியன், முழுநிலவு ஆகிய இரண்டும் வானில் ஏறத்தாழ அரைப் பாகை விட்டமுடைய வட்டுகளாகத் தெரிகின்றன. முழுநிலவைவிடச் சூரியன் ஏறத்தாழ 4 இலட்சம் மடங்கு ஒளி மிக்கது. இரு வட்டுகளின் தோற்றப் பரப்பும் ஏறக்குறையச் சமம் என்பதால், சூரிய வட்டின் சராசரி ஒளிர்மையும் நிலவு வட்டினுடையதைவிட 4 இலட்சம் மடங்கு ஆகும்.

சூரியனின் ஒளிமண்டலம் ஏறத்தாழ 5,800 கெல்வின் வெப்பநிலை கொண்டது. புள்ளியின் நடுப்பகுதி ஏறத்தாழ 4,000 கெல்வின் அளவில் உள்ளது. புள்ளியில் செறிந்துள்ள காந்தப்புலம் உள்ளிருந்து வெப்பத்தை மேலே கொண்டுவரும் வெப்பச்சலனத்தைத் தடுப்பதே இக்குளிர்ச்சிக்குக் காரணம். புள்ளிகளில் வலிய காந்தப்புலம் இருப்பதை அமெரிக்க வானியலாளர் ஜார்ஜ் எல்லெரி ஹேல் 1908-இல் கண்டறிந்தார். ஒரு பரப்பு உமிழும் மொத்த ஆற்றல் அதன் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப அமையும். எனவே புள்ளியின் நடுப்பகுதி, சுற்றியுள்ள பரப்பு உமிழும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக உமிழ்கிறது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் இப்பங்கு இன்னும் குறைவு. அதனைப் பத்தில் ஒன்று என்று குறைத்தே மதிப்பிட்டாலும், புள்ளியின் ஒளிர்மை முழுநிலவினுடையதைவிட 40,000 மடங்கு ஆகிறது.

இன்னொரு வகையிலும் இதனைக் காணலாம். சூரிய வட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு பரப்புள்ள ஒரு பெரிய புள்ளியை மட்டும் பிரித்தெடுத்து இரவு வானில் வைக்க முடியுமானால், அதே மதிப்பீட்டின்படி அச்சிறு திட்டு 40 முழுநிலவுகளின் ஒளியைத் தரும். கருமை என்று பெயரிடப்பட்டது உண்மையில் பேரொளியே. அதனைவிடப் பத்து மடங்கு பேரொளியின் நடுவில் அது அமைந்திருப்பதே அதன் கருமை.

வெண்மையென்னும் கருநிலம்

நிலவின் நிலை இதற்கு நேர்மாறானது. தன்மேல் விழும் ஒளியில் ஒரு பரப்பு திருப்பியனுப்பும் பங்கு எதிரொளிதிறன் எனப்படும். வெள்ளைத் தாளுக்கு இது நூற்றுக்கு 80-க்கு மேல். நிலவுக்கோ ஏறத்தாழ நூற்றுக்கு 12 மட்டுமே. அதாவது நிலவின் தரை தேய்ந்து வெளுத்த தார்ச்சாலையின் நிறத்தை ஒத்தது. இரவு வானின் கருமை அதனைச் சூழ்ந்திருப்பதாலும், ஒப்பிடுவதற்கு அதனினும் ஒளிமிக்க பரப்பு வானில் வேறு இல்லாததாலும் அத்தரை வெண்மையாகக் காணப்படுகிறது. அதன் முகத்தில் தெரியும் மறு, சமவெளிகளான ‘கடல்’ பகுதிகள் மேட்டு நிலங்களைவிட ஏறத்தாழப் பாதி அளவே ஒளியைத் திருப்புவதால் தோன்றுவது. வெண்மைக்குள் தெரியும் அக்கருமையும் ஒப்பீட்டின் விளைவே.

நிலவின் உண்மை நிறத்தை அதனினும் ஒளிமிக்க பின்புலத்தில் வைத்துக் காணும் வாய்ப்பு 2015 ஜூலை 16 அன்று கிட்டியது. பூமியிலிருந்து ஏறத்தாழ 16 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் சூரியனின் திசையில் நிலைகொண்டுள்ள டிஸ்கவர் செயற்கைக்கோளின் ஒளிப்படக்கருவி, பூமியின் குறுக்கே நிலவு கடந்து செல்வதைப் படம்பிடித்தது. பூமி, நிலவு ஆகிய இரண்டின் மீதும் ஒரே சூரிய ஒளி விழுந்தது. பூமியின் எதிரொளிதிறன் ஏறத்தாழ நூற்றுக்கு 30. அப்படங்களில் மேகங்களின் வெண்மைக்கும் கடலின் நீலத்துக்கும் முன்னால் நிலவு மங்கிய சாம்பல் நிற உருண்டையாகக் காணப்படுகிறது. முழு வெயிலில் நிற்கும் நிலவே அது. மாறியது பின்புலம் மட்டுமே.

பகல் நிலவும் இதே உண்மையை உணர்த்துகிறது. பகலில் நிலவு இருக்கும் திசையிலிருந்து வரும் ஒளியில் நிலவொளியோடு நீல வானின் ஒளியும் சேர்ந்துள்ளது. எனவே ஒரே பிறையளவும் ஒரே உயரமும் கொண்ட நிலவை ஒப்பிட்டால், அத்திசையிலிருந்து வரும் மொத்த ஒளி இரவைவிடப் பகலிலேயே கூடுதல். எனினும் பகல் நிலவு வெளிறித் தோன்றுகிறது. சுற்றியுள்ள வானுக்கும் நிலவுக்கும் இடையிலான விகிதம் சுருங்கிவிடுவதே இதன் காரணம். விண்மீன்கள் பகலில் மறைவதும் இவ்வாறே. அவற்றின் ஒளி குறைவதில்லை. பின்புலத்தோடு ஒப்பிடுகையில் அந்த ஒளி உணரத்தக்க வேறுபாட்டைத் தருவதில்லை.

கலிலியோவின் ஏரணமும் ஹெர்ஷலின் முடிபும்

தோற்றத்தை எவ்வாறு எடுத்துக்கொள்வது என்னும் வினா வானியலில் வெறும் நுணுக்கமாக நின்றுவிடவில்லை. சூரியனின் இயல்பு பற்றிய கோட்பாடுகளையே அது பாதித்தது. 1613-இல் உரோமில் வெளியான சூரியப் புள்ளிகள் பற்றிய கடிதங்களில் கலிலியோ, புள்ளிகள் உண்மையில் கருமையானவை அல்ல என்று வாதிட்டார். ஒளியை அளக்கும் கருவி எதுவும் அக்காலத்தில் இல்லை. எனவே அவர் ஒப்பீட்டை மட்டுமே துணையாகக் கொண்டார்.

அவ்வாதம் மூன்று படிகளைக் கொண்டது. முதலாவதாக, ஒளிமிக்க வெள்ளிக் கோள் சூரியனை நெருங்கும்போது கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. ஆகவே சூரியனை ஒட்டிய வானம் வெள்ளியைவிட ஒளியில் குறைந்ததன்று. நிலவை அவ்விடத்தில் வைத்தாலும் அது மறைந்தே போகும். இரண்டாவதாக, தொலைநோக்கியில் சூரிய வட்டுக்கு வெளியே தெரியும் வானத்தையும் வட்டின் மேலுள்ள புள்ளியையும் ஒருங்கே பார்த்தால், புள்ளி அவ்வானத்தைவிடக் கருமையாக இல்லை. மூன்றாவதாக, அவ்வானம் நிலவையே மறைக்கும் ஒளியுடையது என்றால், அதனினும் கருமை கூடாத புள்ளி நிலவின் மிகு ஒளிப் பகுதிக்குக் குறைந்ததாக இருக்க முடியாது. தொலைவிலுள்ள இரு பொருள்களை நேரடியாக ஒப்பிட முடியாதபோது, இரண்டுக்கும் பொதுவான ஒரு பின்புலத்தை இடையில் நிறுத்தி ஒப்பிட்ட இம்முறை கண்ணின் பிழையைக் கண்ணைக் கொண்டே திருத்தியது எனலாம்.

இப்பாடம் பின்னர் முழுமையாகப் போற்றப்படவில்லை. 1795-இல் இலண்டன் அரச கழகத்தின் இதழில் வெளியான கட்டுரையில் வில்லியம் ஹெர்ஷல், சூரியன் உள்ளே திண்மையும் இருளும் கொண்ட உடலென்றும், அதனை ஒளிமேகங்கள் போர்த்தியுள்ளன என்றும், அம்மேகங்களின் இடைவெளியே புள்ளியாகத் தெரிகிறதென்றும் விளக்கினார். அவ்வுடலில் உயிர்கள் வாழக்கூடும் என்றும் கருதினார். புள்ளிகள் பள்ளமான அமைப்புடையவை என்று அவருக்கு முன்பு கிளாஸ்கோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் வில்சன் கண்டறிந்திருந்ததும், கோள்களோடு சூரியனை ஒப்புநோக்கிய எண்ணமும் அம்முடிபுக்குத் துணைநின்றன. எனினும் புள்ளியின் கருமையை உண்மையான இருளாக ஏற்காவிடில் இருண்ட உள்ளுடல் என்னும் கருத்துக்கு இடமே இல்லை. 1859-க்குப் பின் கிர்ச்சாஃப், புன்சன் ஆகியோர் வளர்த்த நிறமாலையியல் சூரியனை வெப்பமிக்க உடலாக நிறுவிய பின்னரே அக்கருத்து கைவிடப்பட்டது. தலைசிறந்த நோக்கீட்டாளராகிய ஹெர்ஷலே இவ்வாறு கருதினார் என்பது, தோற்றத்தின் வலிமை எத்தகையது என்பதைக் காட்டுகிறது.

கண் உணர்வது விகிதம்

புள்ளி ஏன் கருமையாகவே தோன்ற வேண்டும் என்பதற்கு இருபதாம் நூற்றாண்டின் ஆய்வகங்கள் விளக்கம் தந்தன. 1929-இல் செருமானிய உளவியலாளர் கெல்ப் ஒரு சோதனையை விவரித்தார். மங்கிய அறையில் ஒரு கறுப்பு வட்டின் மீது மட்டும், காண்பவருக்குத் தெரியாதபடி மறைத்து வைக்கப்பட்ட விளக்கின் ஒளி பாய்ச்சப்படுகிறது. வட்டு வெள்ளையாகத் தோன்றுகிறது. அதே ஒளிக்கற்றையில் ஒரு சிறு வெள்ளைத் தாளை வட்டின் முன் நீட்டியவுடன் வட்டு கறுப்பாக மாறுகிறது. தாளை அகற்றினால் மீண்டும் வெள்ளையாகிறது. உண்மையை அறிந்த பிறகும் இத்தோற்றம் மாறுவதில்லை. இரவு வானில் நிற்கும் நிலவு, தாள் நீட்டப்படாத கெல்ப் வட்டுக்கு ஒப்பானது. பூமியின் முன் நிற்கும் நிலவு, தாள் நீட்டப்பட்ட வட்டுக்கு ஒப்பானது.

1948-இல் ஹான்ஸ் வாலக் இவ்வுறவை அளவால் நிறுவினார். இருட்டறையில் ஒளியாலான ஒரு வட்டையும் அதனைச் சூழ்ந்து ஒளியாலான ஒரு வளையத்தையும் அவர் அமைத்தார். வட்டின் ஒளி மாறாதிருக்க, வளையத்தின் ஒளியைக் கூட்டும்போது வட்டு வெண்மையிலிருந்து கருஞ்சாம்பல் வரை மாறியது. வேறுவேறு ஒளியளவு கொண்ட இரு வட்டுகளும், வளையத்துக்கும் வட்டுக்கும் இடையிலான விகிதம் சமமாக இருக்கும்போது ஏறக்குறைய ஒரே நிறமாகத் தோன்றின. பொலிவைத் தீர்மானிப்பது அளவன்று, விகிதமே என்பது இதனால் புலனாயிற்று.

சூரியனைக் காண்பதற்கான வடிகட்டி இம்முடிபுக்கு நல்ல எடுத்துக்காட்டு. அத்தகைய வடிகட்டிகள் ஒளியை ஏறத்தாழ ஓர் இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கின்றன. அவை ஒளிமண்டலத்தையும் புள்ளியையும் ஒரே மடங்கில் குறைப்பதால் இரண்டுக்குமான விகிதம் மாறுவதில்லை. எனவே வடிகட்டி எதுவாயினும் புள்ளி கருமையாகவே தெரிகிறது. சுற்றுப்புறத்தில் பத்தில் ஒரு பங்கு ஒளியுடைய பரப்பு, வெள்ளைத் தாளின் மீதுள்ள கருஞ்சாம்பல் திட்டுக்கு நிகரானது. அந்த நிறமே கரும்புள்ளி எனப் பெயர்பெற்றது.

விகிதத்தை உணர்வதால் விளையும் நன்மையும் கருதத்தக்கது. வெயிலில் வைத்த கரித்துண்டு, வீட்டுக்குள் உள்ள வெள்ளைத் தாளைவிட மிகுந்த ஒளியைக் கண்ணுக்கு அனுப்பக்கூடும். ஒளியின் அளவை மட்டும் கண் நம்பியிருந்தால் கரி வெள்ளையாகவும் தாள் கறுப்பாகவும் தோன்றியிருக்கும். அருகிலுள்ளவற்றோடு ஒப்பிடுவதால்தான் பொருள்கள் வெயிலிலும் நிழலிலும் தத்தம் நிறத்தோடு அறியப்படுகின்றன. வானத்தில் பிழையாகத் தோன்றுவது தரையில் பெரும் பயன் தருவதாகும்.

விழித்திரையின் பங்கும் அதன் எல்லையும்

இவ்வொப்பீடு எங்கு நிகழ்கிறது என்பது அடுத்த வினா. குதிரைலாட நண்டின் கண்ணை ஆராய்ந்த ஹார்ட்லைன், ராட்லிஃப் ஆகியோர், ஒளிபட்ட ஓர் உணரலகு அண்டையிலுள்ள அலகுகளின் செயலைக் குறைப்பதை 1950-களில் அளந்து காட்டினர். இது பக்கவாட்டு ஒடுக்கம் எனப்படுகிறது. 1953-இல் குஃப்ளர், பூனையின் விழித்திரை நரம்பணுக்கள் நடுவில் விழும் ஒளிக்கும் சுற்றிலும் விழும் ஒளிக்கும் எதிரெதிராகச் செயற்படுவதைக் கண்டார். ஒளிமிக்க சூழல் நடுவிலுள்ள பரப்பின் பொலிவைக் குறைப்பதற்கு இவ்வமைப்பு எளிய விளக்கம் தருகிறது.

ஆயினும் இவ்விளக்கம் எல்லாவற்றுக்கும் போதுமானதன்று. 1979-இல் மைக்கேல் வைட் வெளியிட்ட உருவத்தில், கறுப்பு, வெள்ளைப் பட்டைகள் மாறிமாறி அமைந்துள்ளன. கறுப்புப் பட்டையின் ஒரு பகுதியில் வைக்கப்பட்ட சாம்பல் துண்டின் நீண்ட விளிம்புகளை வெள்ளைப் பட்டைகளே தொடுகின்றன. பக்கவாட்டு ஒடுக்கத்தின்படி அது கருமை கூடித் தோன்ற வேண்டும். மாறாக அது வெளுத்தே தோன்றுகிறது. 1995-இல் அடெல்சன் அமைத்த சதுரங்கப் பலகை உருவத்தில், நிழலுக்குள் உள்ள வெளிர் கட்டமும் நிழலுக்கு வெளியே உள்ள கருங்கட்டமும் ஒரே ஒளிர்மை கொண்டவை. எனினும் முன்னது வெண்மையாகவும் பின்னது கருமையாகவும் தெரிகின்றன. நிழல் எது, பட்டை எது, எப்பரப்பு எதனோடு சேர்ந்தது என்னும் பகுப்பும் பொலிவைத் தீர்மானிப்பதில் பங்கேற்கிறது என்பதை இவை உணர்த்துகின்றன.

இத்திறன் பட்டறிவால் வருவதா, இயல்பாக அமைவதா என்பதற்கும் ஒரு சான்று கிடைத்துள்ளது. பிறவிக் கண்புரையால் பார்வையற்றிருந்த இந்தியச் சிறாருக்கு அறுவை மருத்துவம் அளிக்கும் ‘பிரகாஷ்’ திட்டத்தை நடத்திவரும் பவன் சின்ஹாவும் அவர்தம் குழுவினரும் 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பார்வை பெற்ற உடனேயே அச்சிறார் உடனிகழ் வேறுபாட்டை உணர்ந்தனர் என்பது அதன் முடிவு. எனவே அதன் அடிப்படை வடிவமேனும் நீண்ட காலக் காட்சிப் பயிற்சியை வேண்டாதது எனக் கொள்ளலாம். கற்று அறிந்ததால் இத்தோற்றம் நீங்காது என்பதற்கும் இது பொருந்துகிறது.

நோக்கீட்டு முறையில் கண்ணின் இடம்

பொலிவு சூழலைச் சார்ந்தது என்பதனால் கண்ணால் செய்யும் நோக்கீடு பயனற்றதாகிவிடாது. கண்ணை எப்பணிக்குப் பயன்படுத்துவது என்பதே கருதத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்கெலாண்டர் வகுத்த முறையில், மாறொளி விண்மீனின் ஒளியை நோக்கீட்டாளர் தனியே மதிப்பிடுவதில்லை. அதே வானப்பகுதியில் அதனைவிடச் சற்று ஒளி கூடிய ஒன்றோடும் சற்றுக் குறைந்த ஒன்றோடும் படிப்படியாக ஒப்பிடுகிறார். மூன்றுக்கும் பின்புலம் ஒன்றே என்பதால் சூழலின் தாக்கம் பெரிதும் நீங்குகிறது.

சூரியப் புள்ளிகளுக்கும் இத்தகைய ஒப்பீடு வாய்த்ததுண்டு. 2012 ஜூன் 6 அன்று காலை, தமிழகத்திலும் வெள்ளி இடைமறிப்பின் பிற்பகுதி காணப்பட்டது. அன்று சூரிய வட்டில் புள்ளிகளும் இருந்தன. தன்னொளி அற்ற வெள்ளியின் இருண்ட பக்கம் ஒளிமண்டலத்தின் முன் முழுக் கருமையோடு தோன்ற, புள்ளிகள் அதனினும் கருமை குறைந்தே காணப்பட்டன. ஒரே பின்புலத்தில் உண்மையான இருளும் தோற்றக் கருமையும் பிரிந்து நின்றன.

அளவிட வேண்டிய இடத்தில் கருவி தேவைப்படுகிறது. 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரிய வட்டு நாள்தோறும் ஒளிப்படமாகப் பதிவு செய்யப்பட்டு வருகிறது. புள்ளிகளின் விளிம்புப் பகுதியில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் அங்குக் கண்டறிந்தார். இன்று எண்முறைக்கு மாற்றப்பட்டுள்ள அப்பதிவுகளில் புள்ளிக்கும் ஒளிமண்டலத்துக்கும் இடையிலான விகிதத்தை, காண்பவரின் பொலிவுணர்வைச் சாராமல் கணக்கிட முடிகிறது. கண் கருமை என்று முடித்துவிட்ட இடத்தில், எவ்வளவு ஒளி என்னும் வினாவைக் கருவி தொடங்கி வைக்கிறது.

முடிவுரை

நிலவின் வெண்மையும் சூரியப் புள்ளியின் கருமையும் அப்பொருள்களின் இயல்பல்ல. அவற்றுக்கும் அவற்றின் சூழலுக்கும் இடையிலான உறவைக் குறிப்பன. மாறிவரும் வெளிச்சத்தில் பொருள்களை இனங்காண்பதற்காகக் கண் விகிதத்தை உணர்கிறது. அதே காரணத்தால், தனித்து நிற்கும் ஒரு பொருளின் ஒளியளவைக் கண்ணால் கூற இயலாது. விழித்திரையின் ஒடுக்க அமைப்பு இதற்கு ஒரு பகுதி விளக்கமே தருகிறது. காட்சியைப் பகுத்துணரும் மூளையின் செயலும் உடன் நிற்கிறது. கலிலியோ பின்புலத்தைக் கணக்கில் கொண்டதால் சரியான முடிபை அடைந்தார். பின்புலத்தைக் கணக்கில் கொள்ளாத கோட்பாடு, பேரொளி வீசும் பரப்பை இருண்ட நிலமாகக் கருத இடமளித்தது. வெண்ணிலவு, கரும்புள்ளி என்னும் பெயர்களைக் கைவிட வேண்டியதில்லை. அப்பெயர்களைப் பயிற்றுவிக்குமிடத்து, எதனோடு ஒப்பிடுகையில் வெண்மை, எதனோடு ஒப்பிடுகையில் கருமை என்னும் வினாவையும் சேர்த்துப் பயிற்றுவித்தல் வேண்டும்.